ஏழு நிமிடம் முந்திய பதில்

அத்தியாயம் ஐந்து

அன்று பகல் பதினொன்றே முக்காலுக்கு அந்த பேரிங் கடையில் இருந்தவர்கள்:

கடை முதலாளி. அறுபதைத் தாண்டியவர். சட்டைப் பையில் மூன்று பேனா. மூன்றும் எழுதாது.

கவுன்டர்காரர். 'கிரீஸ்' என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவர் விரல் பட்ட இடம் கறுத்துப்போகும். அலமாரி, கல்லா, காலண்டர், தண்ணீர் பாட்டில், எதுவும் தப்பவில்லை.

நூற்பாலை மெக்கானிக் ஒருவர். உடைந்த பேரிங் ஒன்றைப் பழைய துணியில் சுற்றி, அடிபட்ட குருவியைப் போலக் கையில் வைத்திருந்தார்.

லைன் அக்கா. துப்பறிபவள். இருபத்திரண்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், யாரோ இரண்டு பேரை இணைத்துவிட்டு நடுவில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். எக்ஸ்சேஞ்சை மூடியதும் இந்தத் தொழிலுக்கு வந்தாள். பெயர் மட்டும் அங்கிருந்தே கூட வந்துவிட்டது.

கொரியர். அக்காவின் உதவியாளன். நாற்பத்தொரு வயது. பதினோரு வருடம் வீடு வீடாகப் பார்சல் கொடுத்தவன். கதவைத் திறந்தவர்கள் யாரும் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. பார்சலைத்தான் பார்த்தார்கள். அதில் அவனுக்கு வருத்தமும் கிடையாது.

இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி எதிர்வரிசை டீக்கடையில் உட்கார்ந்திருந்தாள். எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. இவர்களை அமர்த்தியவள் அவள்தான். இன்னொருவர் அவளுடைய அண்ணன். பத்தொன்பது நாளாக வீட்டுக்கு வரவில்லை. மாலை நாலு மணிக்குள் அவர் கிடைத்தாக வேண்டும்.

நாலு மணி ஆஸ்பத்திரி வைத்த கெடு. அவர்களுடைய அப்பா அங்கே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். விட்டுக்கொண்டிருந்தார் என்பதே ஒரு மரியாதைக்குச் சொல்வது. மெஷின் ஊதியது, நெஞ்சு எழுந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால், புத்தி தெளிவாக இருந்த காலத்தில், அவர் ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்: என்னால் பேச முடியாமல் போனால், மெஷினை வைப்பதா எடுப்பதா என்பதை என் மகன் சொல்லட்டும். தொண்டையில் ஓட்டை போட்டுப் படுக்கவைக்காதீர்கள் என்று வீட்டில் நூறு தடவை சொன்னவர், அதைப் படிவத்தில் எழுத மறந்துவிட்டார். மகன் சொல்ல வேண்டிய நாளில் மகனைக் காணவில்லை. இன்று நாலு மணிக்கு டாக்டர்கள் கூடுகிறார்கள். மகன் தன் முடிவை ஆஸ்பத்திரி படிவத்தில் எழுதி நேரில் கொடுக்காவிட்டால், ஆறு மணிக்குத் தொண்டையில் ஓட்டை போட்டு மெஷின் குழாயை அதில் மாட்டிவிடுவார்கள். பிறகு அந்த உடம்பு எத்தனை வருடம் வேண்டுமானாலும் அங்கேயே கிடக்கும். மகளின் கையெழுத்து செல்லாது.

மகன் பதினான்கு வருடம் வேலை பார்த்த இடம் இந்தக் கடை. இங்கே அவருக்குப் 'பக்கக்காரர்' என்று பெயர். கடையின் வெப்சைட் பக்கங்களை எழுதுகிறவர்.

"அவரா? அவர் போய் எட்டு மாசம் ஆச்சே," என்றார் முதலாளி.

"ஏதாவது சண்டையா?" என்றாள் அக்கா.

"சண்டையெல்லாம் இல்லம்மா. வேலை இல்லாமப் போச்சு." முதலாளி கவுன்டரில் இருந்த கம்ப்யூட்டர் திரையை இவர்கள் பக்கம் திருப்பினார். "முன்னாடி நம்ம வெப்சைட் நானூத்திப் பன்னெண்டு பக்கம். அத்தனையும் அவர் கையால எழுதினது. சுவத்துல ஒட்டின நோட்டீஸ் மாதிரின்னு வச்சுக்குங்க. வர்றவங்க படிச்சுட்டுப் போகலாம், அவ்வளவுதான். திருப்பி ஒண்ணும் கேட்க முடியாது. இங்க ரெண்டு பேரிங் வித்தா, அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து, எண்ணிக்கையை மாத்தி, அடியில நேரம் போட்டு, மறுபடி ஏத்தணும்."

"இப்ப?"

"இப்ப ஆப். பாருங்க." ஒற்றை விரலால் தட்டினார். "உள் விட்டம் பதினேழு, வெளி விட்டம் நாப்பது, அகலம் பன்னெண்டு. பட்டனை அமுக்கறேன். சக்கரம் சுத்துதா? இப்ப பாருங்க, அதுவே சொல்லுது. அறுபத்திரண்டு சைபர் மூணு. ஸ்டாக்ல முப்பது. மூணு மில்லு இப்ப இதுலதான் கேக்கறாங்க. நடுவுல மனுஷனே வேண்டாம்."

"அதுவும் சரிதான்," என்றான் கொரியர். "மனுஷன்னா நடுவுல டீ கேப்பான்."

அந்தப் பக்கம் கிரீஸ் மெக்கானிக்கிடம் நாலு பேரிங்குகளைத் தள்ளினார். தள்ளிவிட்டு, கூரையைப் பார்த்து, சந்தையில் ஏலம் விடுகிற குரலில், "அறுபத்திரண்டு சைபர் மூணு, நாலு பீஸ்," என்றார்.

"எனக்குக் காது நல்லாதாங்க இருக்கு," என்றார் மெக்கானிக்.

"அவருக்கு அது பழக்கம்," என்று முதலாளி குறுக்கே விழுந்தார். "ரொம்ப வருஷப் பழக்கம்."

அக்கா கிரீஸைப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரின் கீபோர்டைப் பார்த்தாள். "நல்லா பளிச்சுனு வச்சிருக்கீங்க," என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

*

டீக்கடையில் தங்கை டீயைத் தொடவில்லை. மேலே ஆடை படிந்திருந்தது. கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை. அதில் இருந்த போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தாள். யாரோ வேறொரு பெண் போல இருந்தது.

"எட்டு மாசம்னு சொல்லியிருப்பாரே," என்றாள்.

"சொன்னார்."

"எனக்கும் அதேதான். அண்ணன் வராத ரெண்டாம் நாளே வந்து கேட்டேன்." அவள் குரல் படிவத்தை வாசிக்கிற குரலாக இருந்தது. "இந்த எட்டு மாசமும் தினம் எட்டு மணிக்குக் கிளம்பினான். நான்தான் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன். டிபன் பாக்ஸ் காலியாத்தான் திரும்பி வரும். எங்க உட்கார்ந்து சாப்பிட்டான்னு தெரியல. அதைத்தான் திரும்பத் திரும்ப நினைச்சுக்கறேன். அப்பாவை நினைக்க மாட்டேங்குது."

அழுவாள் என்று கொரியர் எதிர்பார்த்தான். அழவில்லை. எக்ஸ்ரே எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்களே, அப்படிப் பத்தொன்பது நாளாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடச் சொல்ல ஆளில்லை.

மணி பன்னிரண்டு நாற்பது.

"தம்பி, போனை எடு," என்றாள் அக்கா. "அந்தக் கடையோட ஆப்பைத் திற."

"பேரிங் வாங்கப் போறோமா?"

"ஆப்பை விசாரிக்கப் போறோம்."

"வக்கீல் இல்லாம வாய் திறக்க மாட்டேன்னு அது சொன்னா?"

"சொன்னா கேஸ் முடிஞ்சது."

கொரியர் பதினேழு, நாற்பது, பன்னிரண்டு என்று அடித்துப் பட்டனை அமுக்கினான். சக்கரம் சுற்றியது. அக்கா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து விநாடிகளை எண்ணினாள். முப்பத்தெட்டில் பதில் வந்தது. அறுபத்திரண்டு சைபர் மூணு. ஸ்டாக்கில் இருபத்தாறு.

"காலையில முப்பது இருந்தது," என்றாள் அக்கா. "கிரீஸ் நாலு வித்தார். அது இந்த ஆப்புக்கு எப்படித் தெரிஞ்சது?"

"அவர் கம்ப்யூட்டர்ல அடிச்சிருப்பார்."

"அவர் தொட்ட காலண்டர்ல தேதியே தெரியல. அந்தக் கீபோர்டு அவ்வளவு வெள்ளையா இருக்கு. அந்தக் கடையில கிரீஸ் விரல் படாத ஒரே பொருள் அதுதான்."

கொரியர் யோசித்தான். "அப்ப முதலாளி அடிச்சிருப்பார்."

"நாம கிளம்பற வரைக்கும் அவர் நம்ம கூடத்தான் நின்னார். இருக்கட்டும். நீயும் நானும் ஒரே நேரத்துல கேட்போம்."

இருவரும் ஒன்றாக அமுக்கினார்கள். கொரியருக்கு முப்பத்தெட்டு விநாடியில் பதில் வந்தது. அக்காவுக்கு ஒரு நிமிடம் பதினைந்து விநாடி.

"வரிசையில நிக்க வைக்குது," என்றான் கொரியர். "இன்னும் நாலு பேர் சேர்ந்து கேட்டோம்னா ராஜினாமா பண்ணிடும்."

"இப்ப தப்பா ஒண்ணு கேளு. உள் விட்டம் இருபது. வெளி விட்டம் நாப்பத்தேழு. அகலம் நாப்பத்தொண்ணு."

"அப்படி ஒரு பேரிங் இருக்கா?"

"கிடையாது. பதினாலு மில்லிமீட்டர் அகலத்துலதான் உண்டு. நீ அவசரத்துல நம்பரைத் தலைகீழா அடிச்சுட்ட."

அடித்தான். நாற்பது விநாடியில் பதில் வந்தது. அறுபத்திரண்டு சைபர் நாலு. அகலம் பதினாலு. ஸ்டாக்கில் ஒன்பது.

அக்கா திரையைத் தங்கையின் பக்கம் திருப்பினாள். "மெஷினா இருந்தா, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கும். இது என்ன பண்ணியிருக்கு பாருங்க. கேட்டவன் தப்பா அடிச்சிருக்கான்னு புரிஞ்சுக்கிட்டு, சரியானதைக் கொடுத்திருக்கு. திருத்தினேன்னுகூடச் சொல்லிக்கல."

தங்கை முதல்முறையாகத் திரையைப் பார்த்தாள்.

ஒன்று பத்துக்கு அடுத்த கேள்வியை அனுப்பினார்கள். சக்கரம் சுற்றியது. ஐந்து நிமிடம் சுற்றியது. பத்து நிமிடம். டீக்கடைக்காரர் மேஜையைத் துடைத்துவிட்டு, இவர்களை எழுப்பலாமா என்று யோசித்து, தங்கையின் முகத்தைப் பார்த்து விலகிப்போனார். கொரியர் இரண்டு பன் சாப்பிட்டான். பசித்துச் சாப்பிடவில்லை, மணி ஒன்றாகிவிட்டது என்பதற்காகச் சாப்பிட்டான்.

"ஆப் செத்துப்போச்சுக்கா," என்றான் வாயில் பன்னோடு.

"சாகல. நீ என்ன பண்ணிட்டிருக்கியோ அதையேதான் அதுவும் பண்ணிட்டிருக்கு."

அவன் மெல்வதை நிறுத்தினான்.

ஒன்று முப்பத்து மூன்றுக்குப் பதில் வந்தது. அக்கா இந்த முறை விடையைப் படிக்கவில்லை. விரலால் திரையைக் கீழே கீழே தள்ளி, பக்கத்தின் அடிக்குப் போனாள். மங்கலான எழுத்தில் ஒரு வரி இருந்தது: கடைசியாகத் திருத்தப்பட்டது, பகல் 1.40.

"இப்ப மணி என்ன?"

"ஒண்ணு முப்பத்து மூணு," என்றான் கொரியர். "ஏழு நிமிஷம் கழிச்சு எழுதப்போற பதில் இப்பவே வந்திருக்கு. இவ்வளவு சுறுசுறுப்பை நான் எங்கயும் பார்த்ததில்ல."

"முதல்ல இந்த வரி ஏன் இருக்குன்னு கேளு. நாம கேட்ட பிறகு உண்டான பதில் இது. இதுக்கு எதுக்குக் கடைசியாத் திருத்தின நேரம்? சுவத்துல நோட்டீஸ் ஒட்டினவன்தான் அடியில நேரம் போடுவான். அப்புறம், கம்ப்யூட்டர் போட்ட நேரமா இருந்தா சரியா இருந்திருக்கும். இது யாரோ மணிக்கட்டைப் பார்த்துப் போட்ட நேரம்."

தங்கை டீ டம்ளரை நகர்த்தி வைத்தாள்.

"எங்க வீட்டுக் கடிகாரம் ஏழு நிமிஷம் முன்னாடி ஓடும்," என்றாள். "அப்பா மில்லுல வேலை பார்த்தவர். நேரம் தவறினா கேட்டைச் சாத்திடுவாங்க. அஞ்சு நிமிஷம் தள்ளி வச்சா மனசு கழிச்சுடும், ஏழைக் கழிக்க எவனுக்கும் பொறுமை இருக்காதுன்னு சொல்வார். அண்ணனோட வாட்ச்சும் அப்படித்தான். எத்தனை தடவை சொன்னாலும் மாத்த மாட்டான்."

கொரியர் தலையைத் தூக்கினான். எதிரே கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்தான். அதன் மேலே தகரக் கூரையை ஒட்டி ஒரு சின்ன ஜன்னல். காலையில் அவன் அதைப் பார்த்தான். அட்டைப்பெட்டிகள் தெரிந்தன. அவ்வளவுதான் என்று விட்டுவிட்டான்.

*

இரண்டு ஐந்துக்கு மூன்று பேரும் கடைக்குள் நுழைந்தார்கள். தங்கையைப் பார்த்ததும் முதலாளி எழுந்து நின்றார். மரியாதைக்காக எழுந்த மாதிரி இல்லை.

"ஒரே ஒரு அறுபத்திரண்டு சைபர் நாலு கொடுங்க," என்றான் கொரியர் கிரீஸிடம்.

"எதுக்கு உங்களுக்கு?"

"வீட்டுல ஷோகேஸ் காலியா இருக்கு."

கிரீஸ் எடுத்து வைத்தார். வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்து வாயைத் திறந்தார். முதலாளி கையை ஆட்டித் தடுக்கப் பார்த்தார். பழக்கம் முந்திக்கொண்டது. "அறுபத்திரண்டு சைபர் நாலு, ஒரு பீஸ்."

அக்கா போனில் மூன்று எண்களை அடித்துப் பட்டனை அமுக்கினாள். போனை முதலாளியின் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். ஐந்து பேரும் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதில் வந்தது. ஸ்டாக்கில் எட்டு.

"மதியம் ஒன்பது இருந்தது," என்றாள் அக்கா. "இப்ப எட்டு. யாரும் எதையும் தொடல. உங்க ஆப்புக்குக் காது இருக்கு, முதலாளி."

முதலாளி உட்கார்ந்தார். பேனாக்களில் ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து மறுபடி மூடினார்.

"மில்லுக்காரங்களுக்குத் தெரிஞ்சா நான் தலை காட்ட முடியாதும்மா."

"எங்க வாயிலேர்ந்து வராது. சொல்லுங்க."

"ஆப் செய்ய வந்த பசங்க பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்க. வெளிப்பூச்சு முடிஞ்சிருந்தது. கட்டம், பட்டன், சக்கரம் எல்லாம் இருந்தது. உள்ள ஒண்ணுமே இல்ல. நான் அதுக்குள்ள மூணு மில்லுக்கும் தேதி சொல்லிட்டேன். பக்கக்காரர்தான் சொன்னார், கேள்வி என் திரைக்கு வரட்டும், ஒவ்வொண்ணுக்கும் நான் ஒரு பக்கம் எழுதி ஏத்தறேன், சக்கரம் சுத்தற நேரத்துல முடிச்சுடலாம்னு. ஒரு மாசத்துக்குன்னு ஆரம்பிச்சோம். நல்லா ஓடுச்சு. அப்புறம் யாரும் அதைப் பத்திப் பேசல. ஆப்னு சொன்னா ஆள் இருக்கக் கூடாதில்ல, அதனால அவர் போயிட்டார்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"இவங்க வந்து அழுதப்பவும்?"

"நான் அழல," என்றாள் தங்கை.

"அவர்தாம்மா சொல்லச் சொன்னார்." முதலாளி தங்கையைப் பார்க்காமல் பேசினார். "நான் கட்டி வைக்கல. அன்னிக்கு ராத்திரி வந்தார், வீட்டுக்குப் போகலன்னார். யார் கேட்டாலும் நான் இல்லைன்னு சொல்லுங்கன்னார். அப்பா இப்படின்னு எனக்கு நேத்து வரைக்கும் தெரியாது. தெரிஞ்ச பிறகும் சொல்லியிருக்கலாம். சொல்லல."

பின்னால் அலமாரிகளுக்கு நடுவில் ஓர் இரும்புப் படிக்கட்டு இருந்தது. தங்கை யாரையும் கேட்காமல் ஏறினாள்.

மேலே நிமிர்ந்து நிற்க முடியாது. பேரிங் பெட்டிகள், ஒரு பாய், கயிற்றில் இரண்டு சட்டை, ஒரு மின்விசிறி. ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை. மேஜையில் திரை. திரைக்கு முன்னால் நாற்பத்தாறு வயது ஆள் ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. கதவு என்று எதுவும் இல்லை. எழுந்தால் போய்விடலாம்.

"ஒரு நிமிஷம்," என்றார் அவர் திரும்பாமல். "ஒருத்தர் காத்திட்டிருக்கார்."

அவர் விரல்கள் வேகமாக ஓடின. பழைய பக்கம் ஒன்றைப் பிரதி எடுத்தார், மூன்று எண்களை மாற்றினார், எண்ணிக்கையை மாற்றினார், இடது மணிக்கட்டைப் பார்த்தார், அடியில் நேரத்தை அடித்தார், ஏற்றினார். எங்கேயோ ஒரு மில்லில் யாரோ ஒருவருடைய சக்கரம் நின்றிருக்கும். பதில் சொன்னது மெஷின் என்று அந்த ஆள் நினைத்திருப்பார்.

"அண்ணா," என்றாள் தங்கை.

அவர் திரும்பினார். அவளைப் பார்த்து அதிரவில்லை. பின்னால் குனிந்து நின்ற இரண்டு பேரையும் யார் என்று கேட்கவில்லை.

"அப்பா?"

"அப்படியேதான்."

"ம்."

"நாலு மணிக்கு டாக்டருங்க கூடறாங்க. நீ வரலன்னா சாயங்காலம் ஓட்டை போட்டுடுவாங்க."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீ அனுப்பின மெசேஜ் எல்லாம் படிச்சேன். பத்தொன்பது நாளும் படிச்சேன்."

கொரியர் தங்கையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடிப்பாள் என்று நினைத்தான். கை அசையவில்லை.

"எனக்கு ஒரு பதில் போட முடியல," என்றாள் அவள். "எவனோ பேரிங் கேட்டா நாப்பது விநாடில பதில் போடற."

"அவன் கேக்கறதுக்குப் பதில் இருக்கு. இல்லைன்னா ஸ்டாக்ல இல்லைன்னு போட்டுட்டா முடிஞ்சது. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

அக்கா குறுக்கே வந்தாள். அவள் குரலில் கடுமை இல்லை, இரக்கமும் இல்லை. "உங்களால முடிவு பண்ண முடியலன்னா அதையாவது வந்து சொல்லியிருக்கலாமே. வேற வழி பார்த்திருப்பாங்க."

பக்கக்காரர் மேஜை டிராயரைத் திறந்தார். வெள்ளை உறை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். அக்கா அதைப் பிரித்தாள். ஆஸ்பத்திரி படிவம். 'மெஷினை எடுக்கலாம்' என்ற வரிக்கு நேராக டிக். கீழே கையெழுத்து. பக்கத்தில் தேதி. அக்கா தேதியை இரண்டு முறை படித்தாள். எதையும் அவள் இரண்டு முறை படித்துக் கொரியர் பார்த்ததில்லை.

"இது பத்தொன்பது நாளைக்கு முந்தின தேதி. முதல் நாள்," என்றாள்.

"அன்னிக்கே போட்டேன். ஆஸ்பத்திரி கேன்டீன்ல உட்கார்ந்து போட்டேன். அதுல ஒண்ணும் கஷ்டமில்ல. அப்பா என்ன சொல்வார்னு எனக்குத் தெரியும்." அவர் படிவத்தைப் பார்க்காமல் பேசினார். "எழுதிட்டேன். ஏத்தலை."

அவருக்கே விளக்க வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"பக்கம் எழுதறது வேற, ஏத்தறது வேற. எழுதி என் மெஷின்லயே வச்சிருந்தா அது இன்னும் நடக்கல. நாளைக்கு மாத்திக்கலாம். ஏத்திட்டா வெளியில போயிடும். எல்லாரும் பார்ப்பாங்க. யாரு எழுதினான்னு கேட்டா நான் ஒருத்தன்தான்."

"தினம் எடுத்துப் பார்த்தீங்களா?" என்றான் கொரியர். கிண்டலாகத்தான் ஆரம்பித்தான். வாயை விட்டு வந்தபோது அப்படி இல்லை.

"பார்த்தேன். மாத்தறதுக்கு ஒண்ணுமில்ல."

திரையில் ஒரு கேள்வி வந்து விழுந்தது. யாரோ முப்பத்தைந்து, எழுபத்திரண்டு, பதினேழு என்று கேட்டிருந்தார்கள். பக்கக்காரரின் கை தானாக மவுஸுக்குப் போனது. தங்கை அந்தக் கையைப் பிடித்தாள். அழுத்திப் பிடிக்கவில்லை, எக்ஸ்ரே மேஜையில் ஒருவருடைய கையை நகர்த்தி வைப்பது போல நகர்த்தி மேஜை ஓரத்தில் வைத்தாள்.

"சட்டையை மாத்து," என்றாள். "வாடை அடிக்குது."

அவர் மாற்றினார். கயிற்றில் இருந்த இரண்டில் எது துவைத்தது என்று முகர்ந்து பார்த்து, அதைப் போட்டுக்கொண்டார். பிறகு மேஜைக்கு வந்து குனிந்து ஏதோ அடித்தார். தங்கை தடுக்க வாயெடுத்தாள். அக்கா அவள் தோளைத் தொட்டாள்.

அவர் எழுதியது ஒரே வரி. 'இன்று பதில் சொல்ல ஆள் இல்லை. கவுன்டருக்குப் போன் செய்யவும்.' ஏற்றினார்.

"எட்டு மாசத்துல அந்த ஆப் சொன்ன முதல் உண்மை," என்றான் கொரியர்.

கீழே முதலாளியின் போன் அப்போதே அடிக்க ஆரம்பித்துவிட்டது. இவர்கள் நாலு பேரும் அவரைக் கடந்து போனபோது, அவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "எப்ப வருவீங்க?" என்று கேட்டார். பக்கக்காரர் நிற்காமல் நடந்தார். பதில் சொன்னது கிரீஸ். "விடுங்க முதலாளி. அளவைக் கேளுங்க, நான் சொல்றேன்."

*

டாக்ஸி ஒரு சிக்னலில் நின்றது, இன்னொரு சிக்னலில் நின்றது, ரோடு போடும் இடத்தில் இருபது நிமிடம் நின்றது. யாரும் டிரைவரை அவசரப்படுத்தவில்லை. அண்ணனும் தங்கையும் பின்சீட்டில் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு ஜன்னல்களைப் பார்த்தார்கள். நடுவில் அக்கா. இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்த அதே இடத்தில், அதே மாதிரி வாயை மூடிக்கொண்டு.

மூன்று ஐம்பதுக்கு ஆஸ்பத்திரியின் நாலாவது மாடிக்கு வந்தார்கள். நீளமான வராந்தா. பச்சைக் கோடு போட்ட தரை. கடைசியில் ஒரு நர்ஸ் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"படிவத்துல பேர் இருக்கறவர் யாரு?"

பக்கக்காரர் கையைத் தூக்கினார், வகுப்பில் தூக்குவது போல.

"நீங்க மட்டும் வாங்க. டாக்டருங்க உள்ள இருக்காங்க. கொடுத்ததும் அதுல இருக்கறபடி அங்கேயே பண்ணிடுவாங்க. நீங்க அப்பா கூட இருக்கணும்னா இருக்கலாம், ஆனா முடியற வரைக்கும் வெளிய வர முடியாது." நர்ஸ் தங்கையைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "ரூல் உனக்கே தெரியும்ல."

"தெரியும் சிஸ்டர்."

பக்கக்காரர் இரண்டு அடி எடுத்து வைத்தார். நின்றார். உறையிலிருந்து படிவத்தை எடுத்தார். அவர் பதற்றப்படவில்லை. அந்தத் தாளை முதல்முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நீ என்ன சொல்ற?" என்றார் தங்கையிடம்.

பத்தொன்பது நாளில் அவளை யாரும் அதைக் கேட்கவில்லை. டாக்டர் கேட்கவில்லை, படிவம் கேட்கவில்லை. அவளும் தயாராக எதையும் வைத்திருக்கவில்லை.

"நான் சொல்றதுக்கு அதுல இடம் இல்ல."

அவர் படிவத்தைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. நர்ஸின் மேஜைமேல் வைத்து, அவள் பக்கமாகத் தள்ளினார்.

"இங்க எழுது."

அவளிடம் பேனா இல்லை. கொரியர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். பதினோரு வருடமாக முன்பின் தெரியாதவர்களிடம் கையெழுத்து வாங்கிய பழக்கம், பேனாவை மூடியைத் திறந்துதான் நீட்டினான். அவள் குனிந்து ஒரு வரி எழுதினாள். எழுத்து கோணலாகப் போனது. அவன் நின்ற இடத்திலிருந்து படிக்க முடிந்தது.

'ரெண்டு பேரும் சேர்ந்துதான் சொல்றோம்.'

அடியில் கையெழுத்துப் போட்டாள்.

"பின்னாடி எழுதினதெல்லாம் செல்லாதும்மா," என்றாள் நர்ஸ்.

"தெரியும்," என்றாள் தங்கை.

பக்கக்காரர் அந்த வரியைப் படித்தார். தாளை மடிக்கவில்லை. உறையில் போடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், மை காயாத தாளைப் பிடிப்பது போல. நர்ஸ் எழுந்து கதவைத் திறந்தாள். உள்ளே மெஷின் ஊதுகிற சத்தம் வராந்தா வரைக்கும் வந்தது. அவர் உள்ளே போனார். நர்ஸும் போனாள். கதவு மூடியது. உள்பக்கமிருந்து பூட்டினார்கள்.